மீதிப் பணத்தில் ஒரு வாசல்

கடைசித் தவணையும் கட்டியாயிற்று.
வங்கிச் சன்னல் வழியே மீதி வந்தது:
பதினெட்டாயிரம் பேசோ.
நண்டு ஆலைக்குப் போட்டுப்போகும் ரப்பர் பூட்சுக்கு
அதில் பாதி விலைகூடத் தேறாது.
சரி, வாசலுக்கு இருக்கட்டும் என்றேன்.

இருபத்திரண்டு வருஷம்
பின்கதவால் புழங்கிய தகர வீடு.
முன்கதவு
தவணைக்காரர் தட்டுவதற்கென்றே இருந்தது.
அதன் நிறம் என்னவென்று கேட்டால்
யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

புந்தா அரேனாஸில் வாசலைச் சோடிப்பவள்
முதலில் காற்றிடம் விலை கேட்க வேண்டும்.
நவம்பரில்
தெருமுனைகளில் கயிறு கட்டுகிறார்கள்
மனிதர்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
பூந்தொட்டிக்கு யார் கட்டுவார்?

வண்ணம் கப்பல் பட்டறையில் கிடைத்தது,
ஏதோ இழுவைப் படகுக்குக் கலக்கி மீந்த ஆரஞ்சு.
"மூடுபனியிலும் கண்ணைக் குத்தும், தானிட்ஸா.
யோசித்துக்கொள்" என்றான் ஒயார்சோ.
நாலாயிரம் வாங்கிக்கொண்டு
தூரிகையை இனாமாகத் தந்தான்.
கதவைப் பூட்டியபடியே அடித்து முடித்தேன்.
எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது,
குரைப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.

கரை ஒதுங்கிய வலை மிதவைகள் நான்கு, சும்மா.
ஆலை கழித்துப் போட்ட நண்டுக்கூடை, சும்மா.
அதில் நட
சாலையோரத்து ஊதா லூபின், அதுவும் சும்மா
(பிடுங்கும்போது போலீஸ் வண்டி ஒன்று
மெதுவாகக் கடந்தது).
எண் பலகை இரண்டாயிரம்.
கால்மிதி மூவாயிரத்து ஐந்நூறு.
லெங்கா மரக் குச்சிகளை வளைத்துக் கட்டிய வளையத்துக்குக்
கம்பியும் கொக்கியும் ஆயிரத்து ஐந்நூறு.
ஏழாயிரம் கையிருப்பு.
அன்றிரவு பணக்காரியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காற்று வந்தது.

வளையத்தைக் கொக்கியோடு கழற்றிக்கொண்டது.
மிதவைகள் நான்கும்
விடியும்வரை ஒன்றையொன்று அடித்துக்கொண்டன,
சொத்துத் தகராறு மாதிரி.
பின்கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றி வந்து பார்த்தால்
லூபின் வழுக்கை.
கால்மிதி கிடந்த இடத்தில்
வேறொரு கால்மிதி.
பச்சை. நடுவில் பென்குயின்.
ஓரக் கிழிசலைக் கறுப்பு நூலால்
யாரோ அவசரமாகத் தைத்திருந்தார்கள்.

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
காற்று வந்த திசையில் மேடேறினேன்.
மூன்றாம் தெருவில் ஸோர்க்கா
தையலைப் பார்த்ததும் சிரித்தாள்.
"தைத்தது நான்தான்.
ஆனால் என்னுடையது இல்லை,
போன வருஷக் காற்று போட்டுவிட்டுப் போனது."
அவள் படியில் இப்போது
யாருடையதோ சிவப்புக் கம்பளத் துண்டு.
"உன்னுடையதைக் கீழே தேடு.
கடலுக்கு முன்னால்
இன்னும் ஆறு தெரு இருக்கிறதே."

நாலாம் தெருவிலேயே இருந்தது.
வாடகை அறை ஒன்றின் முன்,
மேலே இரண்டு செங்கல்.
எனக்கு அந்தச் செங்கல் தோன்றவில்லை பார்.
இரவு வேலை முடித்து வந்த பையன், ஹெய்ட்டிக்காரன்,
ஒவ்வொரு காலாக, குதிகாலையும் விடாமல்,
அதில் துடைத்துக்கொண்டிருந்தான்.
நான் வாய் திறப்பதற்குள்
"நீங்கள் ஆரஞ்சுக் கதவு வீடுதானே?" என்றான்.
"அதைப் பார்த்துத்தான் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறேன்.
முன்பெல்லாம் தாண்டிப் போய்விடுவேன்."

இங்கே எந்தப் பக்கம் போனாலும் காற்று எதிரேதான்.
பென்குயினை என் படியில் போட்டேன்.
சட்டைப்பையில் ஏழாயிரம்; ஆணிக்கடை திறந்திருந்தது.
போகவில்லை.

சாவி திரும்பியது, கதவு வரவில்லை.
தோள் கொடுத்துத் தள்ளி
முன்பக்கமாக
என் வீட்டுக்குள் நுழைந்தேன்.

காயவே இல்லை அந்த ஆரஞ்சு.
திங்கட்கிழமை ஆலையில் எல்லோரும் கேட்டார்கள்,
தோளில் என்ன என்று.